கையெழுத்து அவருடையது, ‘இல்லை’ என்று போட்ட சரி யாருடையது?

ஜம்பட்டா வீதி அக்கா:

வீட்டுக் கடனோடு வங்கி எங்கள் தலையில் கட்டிய காப்புறுதி பற்றி ஒரு முறைப்பாடு போட்டிருந்தேன். நிராகரித்து வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஒன்றரைப் பக்கக் கடிதம், அதில் பாதிக்கு மேல் ‘தங்கள் நீண்டகால உறவை மதிக்கிறோம்’ வகையறா. வங்கியின் பெயரைப் போடவில்லை, கேட்கவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். 2021 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனையில் அப்பார்ட்மெண்ட் எடுக்க 68 இலட்சம் கடன் கேட்டோம், 15 வருடத்துக்கு. எல்லாம் சரிவந்த பிறகு கடைசி நாளில் கடன் பகுதித் தம்பி, “டிடிஏ போடாவிட்டால் ஹெட் ஒபிஸ் பைலைத் திருப்பி அனுப்பிவிடும் அக்கா” என்றார். கடனாளி செத்தால் மிச்சக் கடனைக் கட்டும் காப்புறுதியாம். ஒரே தடவைக் கட்டணம் 287,400 ரூபா. கையில் இல்லை என்றோம். “பரவாயில்லை, கடனோடு சேர்த்துவிடலாம்.” அப்படித்தான் எங்கள் கடன் 7,087,400 ஆனது. 2022இல் வட்டி மளமளவென்று ஏறியபோது அந்தக் காசுக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டினோம்.

என் கணவருக்கு 2014இலிருந்து சீனி வருத்தம். காலையும் இரவும் மெட்போமின். அதை அந்த மேசையில் வைத்தே சொன்னோம். தம்பி சிரித்துக்கொண்டு, “சீனி இல்லாத ஆள் யார் அங்கிள்? இதை எழுதினால் மெடிக்கல், ரிப்போர்ட் என்று ஒரு மாதம் இழுபடும்” என்றார். படிவம் முழுக்க ஆங்கிலம். பென்சிலால் புள்ளடி போட்ட மூன்று இடத்தில் அவர் கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான்.

இந்த வருடம் தை மாதம் அவருக்கு இதயத்தில் ஸ்டெண்ட் வைத்தார்கள். அப்போதுதான் எனக்கு இந்தக் காப்புறுதி ஞாபகம் வந்து, கம்பனியிடம் படிவத்தின் பிரதி கேட்டேன். ஈமெயிலில் கலர் ஸ்கேன் வந்தது. நான் மெயின் வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள், யாருடைய கை எது என்று பார்ப்பதே என் வேலை. கையெழுத்து மூன்றும் கறுப்பு மை, அவருடைய சட்டைப்பைப் பேனை. நோய் பற்றிய கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று போட்ட பதினொரு சரி அடையாளமும் நீலம். ஒவ்வொன்றும் ஹொக்கி மட்டை மாதிரி, வால் நீண்டு மேல் வரியைத் தொடுகிறது. அவர் சரி போட்டால் கோழி கிளறின மாதிரி இருக்கும், இப்படி வராது.

வங்கி சொல்லும் காரணங்கள்: கையெழுத்து வைத்துவிட்டீர்கள், காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் 21 நாள் காலம் எப்போதோ போய்விட்டது, உடல்நிலை விபரம் உங்கள் பொறுப்பு, கம்பனியைக் கேளுங்கள். கம்பனிக்குப் போன் எடுத்தால் வங்கியைக் கேள் என்கிறார்கள்.

இனி எங்கே போவது? மற்றது, ராத்திரி நித்திரை வராததற்குக் காரணமான கேள்வி: நான் சத்தம் போட்டால், பொய் எழுதிய படிவம் என்று கம்பனி பாலிசியையே வெட்டிவிடுமா?

வத்தளை சிவா:

அக்கா, இரண்டு மாதம் தவணை கட்டாமல் விடுங்கள். தானாக ஓடி வருவார்கள்.

பழைய கிளார்க்:

பிள்ளை, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதே. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கிக்கு வழக்குப் போடாமலே வீட்டை ஏலம் போடும் அதிகாரம் இருக்கிறது. பராட்டே என்று பேப்பரில் பார்த்திருப்பாய். யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் கிறிப் அறிக்கையிலும் பெயர் கெடும். தவணையை நாள் தவறாமல் கட்டிக்கொண்டே சண்டை போடு.

31 வருடம் கடன் பகுதியில் இருந்தவன் நான். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த ஹொக்கி மட்டைச் சரிகளை நானும் போட்டிருக்கிறேன். மாத முடிவில் இத்தனை பாலிசி என்று மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்பார்கள்.

முதலில் உன் இரண்டாவது கேள்வி. பாலிசி ஏற்கெனவே ஓட்டைதான். நாளை ஒன்று நடந்தால் கம்பனி முதலில் தேடுவது ஆஸ்பத்திரிக் கொப்பியை. 2014 என்று அதில் இருக்கும். இப்போது கேட்டால் அந்த மேசையில் இருந்த இரண்டு பேர் சாட்சி. பிறகு என்றால் நீ ஒருத்தி.

ஆனால் ஒன்று. உன் முறைப்பாட்டில் ‘காசைத் திருப்பித் தாருங்கள்’ என்றுதானே எழுதியிருப்பாய்? அது உனக்கு நல்லதா என்று யோசி. ஸ்டெண்ட் வைத்த மனிதருக்கு இனி யார் புதுப் பாலிசி தருவார்கள்? அதனால் பத்திரத்தை எடுத்து, ‘இத்தனை வருடம் கடந்தால் மோசடி தவிர வேறு காரணத்துக்காக மறுக்கமாட்டோம்’ என்ற மாதிரி ஒரு வாசகம் இருக்கிறதா என்று தேடு. இருந்து, அந்தக் காலமும் கடந்திருந்தால் பாலிசியை விடாதே. படிவத்தை நிரப்பியது வங்கி ஆள் என்பதை ஏற்றுக்கொண்டு, பாலிசி செல்லும் என்று எழுத்தில் உறுதி தரச் சொல். தேவையானால் சீனிக்காக மேலதிகக் கட்டணம் கணக்குப் பார்க்கட்டும், அந்தச் செலவு யாருடையது என்று வங்கியோடு பேசலாம். வாசகம் இல்லாவிட்டால், அல்லது அவர்கள் உறுதி தர மறுத்தால் மட்டும் கட்டணமும் அதன் மேல் போன வட்டியும்.

‘எங்களுக்குத் தெரியாது’ என்று எழுதினால் ‘கையெழுத்து வைத்தீர்களே’ என்றுதான் பதில் வரும். ‘உங்களுக்குத் தெரியும்’ என்று எழுது. அதற்கு ஆதாரம் வங்கியின் பைலிலேயே இருக்கலாம். கடன் விண்ணப்பத்தோடு ஒரு வரவு செலவுத் தாள் இருக்கும், அதன் பிரதியைக் கேள். கடன் ஒப்புதல் கடிதத்தையும் பார். டிடிஏ கட்டாயம் என்று அதில் எழுதாமல் வாயால் மட்டும் சொன்னார்களா?

பாலிசியை விற்ற வங்கித் தம்பி கம்பனியின் முகவர், அவரிடம் சொன்னது கம்பனியிடம் சொன்ன மாதிரி என்று வாதாட இடமிருக்கிறது. ‘படிவம் நிரப்பும்போது அவர் உங்களுக்கு உதவிய ஆள், எங்கள் ஆள் இல்லை’ என்று அவர்களும் பழைய வாதத்தை எடுப்பார்கள். ஆயத்தமாக இரு.

ஹரோ மச்சாள்:

லண்டனில் பிபிஐ என்று, கடனோடு ஒட்டி விற்ற ஒரு காப்புறுதியில் இதே கூத்து நடந்தது. வங்கிகள் திருப்பிக் கட்டியது 3,800 கோடி பவுணுக்கு மேல். எனக்கும் முதலில் ‘கையெழுத்து வைத்தீர்கள்’ என்றுதான் கடிதம் வந்தது. இங்கே வங்கியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவரிடம் போகலாம், நான் போனேன். பிபிஐ முறைப்பாட்டுக்குக் கடைசித் திகதி 2019 ஓகஸ்ட் 29, அந்தக் கதை முடிந்துவிட்டது. இங்கத்தைச் சட்டம் உங்களுக்கு உதவாது, ஆனால் ஒரு கேள்வி உதவும்: வங்கிக்கு அதில் எவ்வளவு கமிஷன்? 2014இல் இங்கே உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் கட்டணத்தில் 71.8 வீதம் கமிஷன், கடன் வாங்கிய பெண்ணுக்கு அதைச் சொல்லவே இல்லை. அவர் பக்கம்தான் தீர்ப்பு.

புதுக்கடை ஜூனியர்:

அக்கா, இரண்டு கதவு இருக்கிறது, குழப்பாதீர்கள். விற்ற விதம் பற்றியது வங்கி மேல்: நிதி ஒம்புட்ஸ்மன், அல்லது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. பாலிசி செல்லுமா என்பது கம்பனி மேல்: காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அல்லது உலக வர்த்தக மையக் கிழக்குக் கோபுரத்தில் இருக்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. கம்பனியோடு போனில் பேசியது கணக்கில் வராது. எழுதுங்கள், பதிவுத் தபாலில் போடுங்கள், அந்தப் பதில் கையில் வந்த பிறகு அடுத்த கதவு.

2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் காட்டச் சொல்லி யாராவது சொல்வார்கள். உங்கள் விற்பனை 2021. அதற்குப் பொருந்துவது மத்திய வங்கி 2011இல் வங்கிகளுக்கு விதித்த வாடிக்கையாளர் பட்டயம். தமிழில் படிவம் கேட்கும் உரிமை அதிலேயே இருக்கிறது. இப்போது முறைப்பாட்டைக் கையாண்ட விதத்துக்கு 2023 விதிகளைக் காட்டுங்கள்.

அரச வங்கி என்றால் பைல் பிரதிக்குத் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம், 14 வேலைநாளில் முடிவு சொல்லவேண்டும். தனியார் வங்கிக்கு அது இல்லை. வழக்கு என்றால் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வேறு வகைக் கோரிக்கைகளுக்கு அதைவிடக் குறைவு. வழக்கைப் போட்டுவிட்டு ஒம்புட்ஸ்மனிடம் போகமுடியாது, அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

ஜம்பட்டா வீதி அக்கா:

கிளார்க் ஐயா, உங்களுக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை. பைல் பிரதிக்கு வங்கியைக் கேட்கவே தேவைப்படவில்லை. அன்றைக்குத் தந்த பிரதிகளை நொத்தாரிசின் உறையோடு அலுமாரிக்கு மேல் போட்டிருந்தேன். வரவு செலவுத் தாள் அதில் இருந்தது. பள்ளிக் கட்டணம், கரண்ட், தண்ணீர், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘கணவர் மருந்து, சீனி: 6,500’. நீல மை. பக்கத்தில் ஒரு சரி, வால் மேல் வரிக்குப் போகிறது. காப்புறுதிப் படிவத்தில் இருக்கும் அதே திகதி.

ஒப்புதல் கடிதத்தில் தீக் காப்புறுதி கட்டாயம் என்று இருக்கிறது. டிடிஏ பற்றி ஒரு சொல் இல்லை.

பத்திரத்தில் ஐயா சொன்ன வாசகமும் இருக்கிறது, இரண்டு வருடம் என்று. ‘மோசடி தவிர’ என்பதும் இருக்கிறது. அதற்குத்தான் இந்தத் தாள் தேவைப்படும் என்று நினைக்கிறேன். ஒரே மேசையில் ஒரு தாளில் சீனி என்று எழுத வைத்த என் கணவர் மற்றத் தாளில் மோசடி செய்தார் என்றால் எப்படி?

காசு கேட்ட பழைய முறைப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, கம்பனிக்கும் வங்கிக்கும் புதிதாக இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலர் பிரதி. அவர் சத்தியக் கடதாசி முடிக்க சமாதான நீதவானிடம் போயிருக்கிறார். வந்ததும் தபால் கந்தோருக்கு. சிவா தம்பி, இந்த மாதத் தவணை நேற்றே கட்டியாயிற்று.