கலைச்சொல்: கருவிலேயே உருவாகாத தமனிக்கு ‘இன்மை’ போதுமா?

வணக்கம்.

ஓர் உறுப்பு கருவிலேயே உருவாகாமல் போவதை ஆங்கிலத்தில் அஜெனிசிஸ் (agenesis) என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘இன்மை’ போதும் என்று கோவை ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் என் பெரியம்மாவுக்குத் தலைசுற்றல். பலதுறை மருந்தகத்தில் காட்டி, பிறகு மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது உட்புறக் கரோட்டிட் தமனி தென்படவில்லை. ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேனுக்குப் பிறகு மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: “அந்த ரத்தக்குழாய் இல்லை பெரியம்மா.” கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “எப்போ போச்சு?” என்று கேட்டார்.

நம் சிக்கலே அந்தக் கேள்விதான். மருத்துவர் திரையில் மண்டையோட்டின் அடிப்பகுதியைக் காட்டினார். இந்தத் தமனி எலும்புக்குள் இருக்கும் ஒரு கால்வாய் வழியாகத்தான் மூளைக்கு ஏறும். கருவில் தமனி முதலில் வரும். அதைச் சுற்றித்தான் கால்வாய் அமையும். வலப்பக்கம் வட்டமாக ஓட்டை தெரிந்தது. இடப்பக்கம் வெறும் எலும்பு. ஆக, அங்கே தமனி என்றைக்குமே இருந்ததில்லை. பிற்பாடு அடைத்துப்போன தமனி என்றால் கால்வாய் அப்படியே இருக்கும். இரண்டிலும் ரத்த ஓட்டம் தெரியாது, ஆனால் வைத்தியம் வேறு. ‘இன்மை’ இரண்டுக்கும் பொருந்திவிடுகிறதே!

முதலில் ‘முளையாமை’ என்று நினைத்தேன். கருவை ‘முளையம்’ என்று இலங்கையில் எழுதுவார்கள் என யாழ்ப்பாணத்து அக்கா முன்பு சொன்னது நினைவிருந்தது. நல்ல சொல்தான். ஆனால் வீட்டில் சொன்னதும் ‘மூளை’ என்று காதில் விழுந்து பெரியம்மா பயந்துவிட்டார். தலைக்குப் போகும் தமனிக்கு அது ஆகாது.

அதனால் ‘உருவாகாமை’ என்கிறேன். கால்வாயும் தமனியும் குறுகலாக இருக்கும் ஹைப்போபிளேசியாவுக்குக் ‘குறைவளர்ச்சி’. அடைப்பு அடைப்பாகவே இருக்கட்டும். ‘ஊனம்’ மட்டும் வேண்டாம். மூளையடியில் உள்ள வில்லிஸ் வட்டம் என்ற ரத்தக்குழாய் வளையம் மறுபக்கத்து ரத்தத்தைக் கொண்டுவந்து விடுவதால், பலருக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் இது தெரியவருகிறது. ஆனால் அந்த இணைப்புக் குழாய்களின் சுவர் பலூன்போல் உப்பும் புடைப்பு (அனியூரிசம்) வர வாய்ப்பு கூடுதல். அதனால்தான் பெயர் சரியாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

——

அம்மா, நான் எழுதிய ‘இன்மை’யை விட்டு உங்கள் ‘உருவாகாமை’யை ஏற்கிறேன். ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறப்பவர்களுக்கும் ‘சிறுநீரக உருவாகாமை’ என்று இதே சொல் செல்லும். பட்டியலில் மாற்றிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

——

நன்றி ஐயா. “போகலை பெரியம்மா, அது வரவே இல்லை” என்றேன். அப்புறம்தான் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.