மறு: ‘ஷ்ரப்’ – குடிகாடியா, காடிச் சர்பத்தா?

> ஷ்ரப் = குடிகாடி. ‘குடிநீர்’ போல வினைத்தொகை, சுருக்கமும்கூட.

ஷ்ரப் என்பது பழச்சாறு, சர்க்கரை, காடி (வினிகர்) சேர்ந்த அடர்ந்த பானம். நம் அகராதியில் அதற்கு எந்தத் தமிழ்ப் பெயர் என்பதே கேள்வி. ‘குடிகாடி’யின் இலக்கணம் சரி, பொருள்தான் இடறுகிறது. குடிநீரை அப்படியே குடிக்கலாம். ஷ்ரப்பை நீர்க்காமல் குடித்தால் தொண்டை எரியும், நாளடைவில் பல் எனாமல் அரிக்கும். சொல்லே தப்பாக வழிகாட்டக் கூடாது.

‘பழக்காடி’யும் வேண்டாம். ஆப்பிள் சிடர் வினிகர் போல, பழச்சாற்றையே புளிக்கவைத்து எடுக்கும் காடிக்கு அந்தப் பெயர் தேவைப்படும். ஷ்ரப்பில் பழம் புளிப்பதில்லை. சர்க்கரையில் ஊறிச் சாறு விடுகிறது. அந்தச் சாற்றில், ஏற்கெனவே தயாராக உள்ள காடியைச் சேர்க்கிறோம். ‘புதர்ப்பானம்’ முழுப் பிழை. ஆங்கிலத்தில் ‘ஷ்ரப்’ என்றால் புதர் என்றும் பொருள் உண்டு, ஆனால் இந்த ஷ்ரப்புக்கும் செடிக்கும் உறவே இல்லை; குடித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த சொல் அது. சர்பத்தும் சிரப்பும் அதே வேர்தான். அதனால் ‘காடிச் சர்பத்’ என்பதே என் பரிந்துரை.

சொல் பொருந்துகிறதா என்று செய்முறையில் வைத்துப் பார்ப்போம். பன்னீர் திராட்சை 250 கிராம், சர்க்கரை 250 கிராம். தோல் வெடிக்கும் அளவுக்கு மட்டும் திராட்சையைக் கையால் பிசையவும். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். சர்க்கரை கலந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி, 2 நாள் ஃபிரிட்ஜில் வைக்கவும். வெளியே வைத்தால் ஈஸ்ட் வேலை செய்து நுரைத்துவிடும். வடிகட்டி, 5% அமிலமுள்ள காடி 250 மி.லி. ஊற்றி, அடியில் தங்கிய சர்க்கரை கரையும்வரை குலுக்கவும். முதல் நாள் காடியின் நெடி மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜிலேயே ஒரு வாரம் விட்டால் அடங்கும். லேபிளில் ‘சிந்தெடிக்’ என்றிருக்கும் வினிகர் வேண்டாம். அது நீர்த்த அசெட்டிக் அமிலம். புளிப்பு உண்டு, மணம் இல்லை. பித்தளை, அலுமினியப் பாத்திரங்களும் கூடாது, காடி அரித்துவிடும்.

குடிக்க, 30 மி.லி.க்கு 150 மி.லி. குளிர்ந்த சோடா. காக்டெயிலில் எலுமிச்சையின் இடத்தை இது பிடிக்கிறது: ஜின் 45 மி.லி., இது 25, சோடா 90, நிறைய ஐஸ். இனிப்பும் புளிப்பும் இதிலேயே இருப்பதால் தனியாகச் சர்க்கரைப் பாகு சேர்க்க வேண்டாம்.

---

மறு: மறு: ‘ஷ்ரப்’

> அதனால் ‘காடிச் சர்பத்’ என்பதே என் பரிந்துரை.

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நன்னாரி சர்பத் என்றால் பாட்டிலில் இருக்கும் பாகும் அதுதான், டம்ளரில் கலக்கிக் கொடுப்பதும் அதுதான். கடையில் அது சிக்கலில்லை. செய்முறையில் ‘காடிச் சர்பத் 25 மி.லி.’ என்று எழுதினால், சோடா கலந்ததை ஊற்றிவிடுவார்கள். ஜின் நீர்த்துப்போகும், புளிப்பும் நிற்காது. ஆகவே அடர்ந்ததற்குக் ‘காடிப்பாகு’, நீர்த்ததற்குக் ‘காடிச் சர்பத்’ என்று இரண்டாகப் பிரிப்போம்.

இந்தப் பிரிப்பு ஈரானியர்களின் செகஞ்சபினுக்கும் உதவும். தேன் அல்லது சர்க்கரையோடு காடியைக் காய்ச்சிப் புதினா போட்டு எடுப்பது காடிப்பாகு. வெள்ளரித் துருவலும் குளிர்ந்த நீரும் சேர்த்தால் காடிச் சர்பத். கிரேக்கர்களின் ஆக்சிமெல்லுக்கு, சொல்லின் இரு பாதிகளும் புளிப்பு, தேன் என்றே பொருள்படுவதால், ‘தேன்காடி’ போதும்.

இலங்கை வாசகர்களுக்காக அகராதிப் பதிவில் காடிக்குப் பக்கத்தில் ‘வினாகிரி’ என்றும் போடுங்கள். அங்கே கடையில் கேட்கும் சொல் அதுதான்.