மார்ச் 17: அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் மார்ச் மாதம் வந்ததும் புதியவர்கள் கேட்பது இதைத்தான்: "பேட்ரிக்ஸ் டேக்கு டப்ளின் போகலாமா?" அயர்லாந்தின் புனிதரான பேட்ரிக்கின் பெயரால் மார்ச் 17-இல் வரும் விழா அது. முதல் வருடம் டப்ளின் வேண்டாம் என்பேன். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஓர் ஊர்வலம் நடக்கும். அதற்குப் போங்கள்.

டப்ளின் ஊர்வலம் பிரமாண்டம்தான். ஆனால் அந்த நெரிசலில், சின்னப் பிள்ளைகளோடு போனால் முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். சிற்றூரில் அப்படியில்லை. டிராக்டர் வரும், தீயணைப்பு வண்டி வரும், ஐரிஷ் பாரம்பரிய விளையாட்டுகளுக்கான ஜி.ஏ.ஏ. கிளப் பிள்ளைகள், அதில் ஒன்றான ஹர்லிங் மட்டையோடு வருவார்கள். பல ஊர்களில் நம்மவர்களும் பட்டுச்சேலை, வேட்டியோடு நடக்கிறார்கள். உங்கள் பிள்ளை பள்ளிக் கூட்டத்தோடு நடந்து வந்தால், அதுவரை தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டுவார். ஊரோடு ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல நாள் கிடையாது.

யாருக்காக இந்த விழா என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பேட்ரிக்கைத் தமிழில் பத்திரிசியார் என்பார்கள்; யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குப் பத்திரிசியார் கல்லூரி வழியாகப் பெயர் பழக்கம்தான். அந்தப் பத்திரிசியார் பிறப்பால் ஐரிஷ்காரர் அல்லர். 5-ஆம் நூற்றாண்டில், ரோமானியப் பிரிட்டனில் வசதியான வீட்டுப் பிள்ளை. பதினாறு வயது வாக்கில் ஐரிஷ் கொள்ளையர் பிடித்து வந்து அடிமையாக்கினார்கள். ஆறு வருடம் குளிரிலும் மழையிலும் மந்தை மேய்த்துவிட்டுத் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தவர், பிற்பாடு ஆயராக (பிஷப்பாக) அதே மண்ணுக்குத் தானாகவே திரும்பி வந்தார். இதையெல்லாம் அவரே லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய ஒரு கடிதமும் இருக்கிறது: தான் திருமுழுக்குக் கொடுத்த மக்களை அடிமைகளாகப் பிடித்துப்போன கொரோட்டிகஸ் என்பவனின் படையாட்களைக் கண்டித்து எழுதியது. அடிமையாக இருந்தவரின் கோபம் அதில் வரிக்கு வரி தெரிகிறது. அவர் அயர்லாந்திலிருந்து பாம்புகளையெல்லாம் விரட்டினார் என்ற கதையைவிட எனக்கு இந்தக் கடிதம்தான் பெரிது. பனியுகத்துக்குப் பின் இந்தத் தீவில் பாம்பு இருந்ததற்குத் தடயமே இல்லை.

மார்ச் 17 அவர் இறந்த நாள் என்பது மரபு. அரசு விடுமுறையானது 1903-இல். நியூயார்க்கிலோ, அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்கள் 1762-லேயே ஊர்வலம் போனார்கள். இங்கே வெகுகாலம் அது காலையில் திருப்பலி, பிறகு குடும்பத்தோடு சாப்பாடு என்றிருந்த நாள். 1920-களின் பிற்பகுதியிலிருந்து 1960 வரை அன்றைக்குப் பப்கள் மூடியிருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. இப்போது டப்ளினில் நாள்கணக்கில் நடக்கும் திருவிழா 1996-இல் தொடங்கியதுதான். அதனால் இது குடிக்கிற நாள் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்தின் நடுவில் வருவதால், அந்த நோன்புக்காக மிட்டாயை விட்டிருந்த பிள்ளைகளுக்கு அன்று ஒருநாள் விலக்கு உண்டு. கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்.

சட்டையில் குத்திக்கொள்ள, அயர்லாந்தின் அடையாளச் செடியான ஷாம்ராக் கடைகளில் கிடைக்கும். கொத்தாக, பொடி இலைகளாக இருக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, கிளம்பும்போது ஊசியால் குத்துங்கள், இல்லையென்றால் மதியத்துக்குள் வாடிவிடும். மூன்று இலைதான் ஷாம்ராக். நான்கு இலைப் படம் போட்ட தொப்பியை வாங்காதீர்கள். பேச்சில் 'பேடிஸ் டே' என்று சொல்லலாம். 'பேட்டிஸ் டே' என்றால் அமெரிக்க வழக்கு என்று முகம் சுளிப்பார்கள். மழைக்கோட்டு கட்டாயம். பேருந்துகள் குறைவாகவே ஓடும், முந்தின நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகுதிநேரம் வேலை பார்க்கும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். அன்று உங்களுக்கு வேலை நாள் இல்லையென்றாலும், அதற்கு முந்தைய 5 வாரங்களில் அந்த முதலாளியிடம் மொத்தம் 40 மணி நேரம் வேலை பார்த்திருந்தால், பொது விடுமுறைக்கான பலன் உங்களுக்கும் உண்டு. அது கூடுதல் சம்பளமாகவோ வேறொரு நாள் விடுப்பாகவோ வரலாம். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் வரவில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.