மூக்கனேரிக் கரையா, கோட்டைப் பக்கமா? சேலத்தில் குடியேற யோசனை

வேளச்சேரிவாசி (கேள்வி)

வணக்கம். சென்னை வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு வேலை வீட்டிலிருந்தே, எப்போதாவது அலுவலகத்தில் தலையைக் காட்டினால் போதும். அம்மாவுக்குச் சொந்த ஊர் ஆத்தூர், முழங்கால் வலி, இந்த அடுக்குமாடி வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. பையன் ஆறாம் வகுப்பு. சேலத்துக்கே போய்விடலாமா என்று கொஞ்ச நாளாக வீட்டில் இதே பேச்சு.

போன மாதம் கண்ணங்குறிச்சியில் மூக்கனேரியைப் பார்த்த மாதிரி ஒரு வீடு பார்த்தோம். மாடியில் நின்றால் தண்ணீர், அதற்குப் பின்னால் ஏற்காட்டு மலை. மனைவிக்கு அதை விட்டுவர மனமே இல்லை. அம்மாவோ கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் வீடு கிடைக்குமா பார் என்கிறார், தினமும் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு அப்படியே காய் வாங்கி வரலாமாம். ஏரிதான் வேண்டுமென்றால் ஏற்காட்டுக்கே போயேன் என்று ஒரு நண்பன் வேறு.

2015 வெள்ளத்தின்போது இங்கேதான் இருந்தோம், அதனால் ஏரிக்கரை என்றாலே ஒரு பயமும் கூடவே வருகிறது. அங்கேயே வாழ்கிறவர்கள் சொல்லுங்கள்: ஏரிப் பக்கம் மழைக்காலம் எப்படி, கொசு எப்படி, பழைய ஊருக்குள் ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்க முடியுமா?

ஏரிக்கரைக்காரன்

மூக்கனேரி பற்றி நான் சொல்கிறேன், வளர்ந்ததே இந்தக் கரையில்தான். சின்ன வயதில் இது குப்பையும் முள்ளுமாகத்தான் கிடந்தது. 2010-ல் சேலம் மக்கள் குழு இதைக் கையிலெடுத்துத் தூர்வாரியது. வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே விற்காமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். அறுபது ஏக்கருக்குச் சற்றுக் குறைவான ஏரி இது, இன்றைக்கு அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தோப்பு. காலையில் கரையில் நடந்தால் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தண்ணீர் ஓரமாகக் கொக்கும் நாரையும் நிற்கும். ஊர்க்காரர்கள் சேர்ந்து உயிர் கொடுத்த ஏரி என்பதால் எங்களுக்கு இதன்மேல் தனிப் பாசம்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன், அது தேவையான பயம்தான். ஏற்காட்டு அடிவாரத்தில் பெய்கிற மழை ஓடையில் இறங்கி முதலில் புது ஏரியை நிரப்பும், அங்கிருந்து மிச்சம் மூக்கனேரிக்கு வரும், இதுவும் நிரம்பினால் கோடி விழும், அதாவது மிச்சத் தண்ணீர் வெளியேற விட்ட இடம் வழியாக வழியும். கோடி விழுந்த தண்ணீர் போகிற வாய்க்காலை ஒட்டி நிறைய வீடுகள் வந்துவிட்டன. மலையில் தொடர்ந்து மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிடும். நம் தெருவில் ஒரு பொட்டு மழை இருக்காது, மேலே பெய்தது கீழே வந்து நிற்கும். அதனால் ஏரி தெரிகிற வீடு எல்லாமே ஆபத்து என்றும் இல்லை, ஏரி தெரியாத வீடு எல்லாமே பத்திரம் என்றும் இல்லை. கோடிக்குக் கீழே வீடா, மேட்டில் வீடா, அதை முதலில் கேளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், புரோக்கரிடம் கேட்காதீர்கள், அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள், எந்த வருடம் எதுவரை தண்ணீர் ஏறியது என்று கையை வைத்தே காட்டுவார். அப்புறம் காம்பவுண்ட் சுவரின் அடிப்பக்கத்தை உட்கார்ந்து பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும், தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் பூச்சு உப்பிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அதற்கு மேலே சுவர் கெட்டியாக இருக்கும். அந்த அடையாளத்தை எந்தப் பெயின்டாலும் ரொம்ப நாள் மறைக்க முடியாது.

கொசு உண்டு. ஆகாயத்தாமரை படர்ந்த மாதங்களில் அதிகம். எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டு, பொழுது சாயும்போது கதவைச் சாத்திவிட்டால் சமாளிக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டைப் பெண்

தம்பி, அம்மா சொல்வதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்க. கோட்டை என்கிற பகுதியில் பழைய கோட்டை பெரும்பாலும் இப்போது கிடையாது, பெயர்தான் நிற்கிறது, ஆனால் அந்தப் பெயரைச் சுற்றித்தான் ஊரே இருக்கு. மாரியம்மன் கோயில், அழகிரிநாதர் கோயில், சுகவனேஸ்வரர் கோயில், பெரியாஸ்பத்திரி, பழைய பஸ் ஸ்டாண்டு, பூ மார்க்கெட், முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம் எல்லாம் ஒன்றை ஒட்டி ஒன்று. யாரையும் வண்டி எடுக்கச் சொல்லாமல் ஒரு வயதானவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் மாமியாரைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

எங்கள் செவ்வாய்ப்பேட்டை இன்னும் ஒரு படி மேல். லீ பஜாரில் அரிசி, பருப்பு மண்டிகள், வெல்ல மண்டி, அதைத் தாண்டினால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். நிறைய வீடுகளில் முன்கட்டுதான் பட்டறை. சமையல் முடிந்த பிறகு பெண்கள் தட்டில் சலங்கை மணியைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோர்ப்பார்கள், பேச்சும் நடக்கும், கையும் நிற்காது. தெருவே வேலை செய்கிற இடம் என்பதால் பகலில் சத்தம் இருக்கும், தள்ளுவண்டி, டெம்போ, எல்லாம் நெரிக்கும். 1866-லேயே நகராட்சியான ஊர், மாட்டுவண்டிக்கு அளந்து விட்ட தெருக்கள், அதில் கார் வைத்திருப்பவர்கள் படும் பாடு பெரும் பாடு. கார் இருந்தால் முதலில் அதை எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளுங்க.

திருமணிமுத்தாறு பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் பிறந்து கோட்டை ஓரமாக ஓடி வருகிற ஆறு, ஊருக்குள் இப்போது சாக்கடைதான். கரையை ஒட்டிய வீடு வேண்டாம். நினைத்தால் வயிறு எரிகிறது, மாரியம்மன் கோயிலே அந்த ஆற்றங்கரைக் கோயில்தானே.

ஆனால் ஆடி மாதம் வந்து பாருங்க. எட்டுப் பேட்டை மாரியம்மனுக்கும் கோட்டை அம்மன்தான் பெரியவள், திருவிழாவுக்குப் பூச்சாட்டியதிலிருந்து ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை, சாமி வேடம் கட்டி அலங்கார வண்டியில் ஊர்வலம் வருவார்கள். உங்கள் பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான்.

ஒரு முக்கியமான விஷயம், பழைய வீடு பார்த்தால் அழகில் மயங்காதீங்க. தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி, நிலைப்படி ஒரு முழ உயரம், கழிப்பறை பின்கட்டில், அதுவும் குந்தி உட்காருகிற மாதிரி. முழங்கால் வலிக்காரருக்கு அது தினசரி தண்டனை. மாற்றிக் கட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்க.

வேளச்சேரிவாசி

அக்கா, அம்மாவுக்கு உங்கள் பதிலை அப்படியே படித்துக் காட்டினேன், நிலைப்படி பற்றிச் சொன்னபோது மட்டும் சத்தமே இல்லை. ஏரிக்கரை நண்பரே, நாங்கள் பார்த்த வீட்டில் சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள், அடிப்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. சரி, வெயில் எப்படி? ஏற்காட்டில் யாராவது இருக்கிறீர்களா?

ஏற்காட்டு மிளகு

இருக்கிறேன். சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏரி ஊருக்கு நடுவிலேயே, காபித் தோட்டமும் மிளகுக் கொடியும் வாசல்வரை வரும். எனக்கு இதைவிட்டால் வேறு ஊர் வேண்டாம். ஆனால் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இந்த ஊர் ஆகாது. எங்கே போனாலும் ஏற்றம் இறக்கம், ஈரக் குளிர் வேறு. பெரிய வைத்தியம் எதற்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் ஆகவேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதையையே மூடிவிட்டார்கள். சனி, ஞாயிறு ஏரிப் பக்கம் வண்டிகள் நகராது. நீங்கள் சேலத்தில் இருங்கள், தோன்றும்போது மேலே வாருங்கள், முப்பது கிலோமீட்டர்தான்.

அஸ்தம்பட்டி அண்ணாச்சி

வெயிலைக் கேட்டீர்கள். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர், சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும். பழைய ஊரில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் ராத்திரியும் வெக்கை அடங்காது. கண்ணங்குறிச்சிப் பக்கம் மலைக்காற்று கொஞ்சம் இறங்கும், இந்த ஒரு விஷயத்தில் உங்கள் வீட்டம்மா பக்கம்தான் நியாயம். மாம்பழம் வருவதும் அதே வெயிலில்தான், சேலம் குண்டும் இமாம் பசந்தும் கடைவீதியில் கூடை கூடையாக இறங்கும்போது வெயிலைக் குறை சொல்ல மனம் வராது.

எனக்குத் தோன்றுவது, இந்த இரண்டுக்கும் நடுவில் பாருங்கள். அஸ்தம்பட்டியிலிருந்து ஏரிக்கும் பக்கம், கோட்டைக்கும் பக்கம். கண்ணங்குறிச்சி டவுன் பஸ் இந்த வழியாகத்தான் போகும், அம்மா பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சுகவனேஸ்வரர் கோயில் அங்கேயே, மாரியம்மன் கோயில் கொஞ்ச தூரம். வாங்குவதை இப்போது நினைக்காதீர்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்துவிட்டு அப்புறம் பேசலாம். வாங்குகிற அன்றைக்கு, வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது, கிராம வரைபடத்தை வாங்கி அந்த மனையில் ஓடையோ வாய்க்கால் புறம்போக்கோ ஓடுகிறதா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். இன்னொன்று, கண்ணங்குறிச்சி தனிப் பேரூராட்சி, மாநகராட்சி கிடையாது. வரி, குடிநீர் இணைப்பு எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகவேண்டும்.

சென்னைக்குப் போக வர எழும்பூர் ராத்திரி ரயில் வசதி. விருத்தாசலம், ஆத்தூர் வழியாக வந்து டவுன் ஸ்டேஷனில் நிற்கும், ஜங்ஷன் வரை போகவேண்டியதில்லை. அம்மாவுக்குத் தன் ஊரைப் பார்த்துக்கொண்டே வந்த மாதிரியும் இருக்கும்.

வேளச்சேரிவாசி

எல்லோருக்கும் நன்றி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐப்பசியில் வருகிறோம். அஸ்தம்பட்டியில் கீழ்வீடு, இரண்டு படுக்கையறை, மேல்நாட்டுக் கழிப்பறை உள்ளது இருந்தால் சொல்லுங்கள். ஏரிக்கரை வீட்டையும் இன்னொரு தரம் பார்க்கத்தான் போகிறோம், மனைவி விடமாட்டார்.

ஏரிக்கரைக்காரன்

பாருங்கள், தப்பில்லை. மழை பெய்த மறுநாளாக வந்தால் இன்னும் நல்லது. தெருப் பெயரை மட்டும் முன்கூட்டியே தனிச்செய்தியில் அனுப்புங்கள், கோடிக்கு எந்தப் பக்கம் என்று நானே போய்ப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.