கதம்பப்பணி: பல வேலை பார்க்கும் பட்டதாரிகளின் பணிவாழ்வுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே காலத்தில் இரண்டு மூன்று வேலைகளைப் பார்த்துக்கொண்டு, அவற்றின் வழியாகவே கற்று மேலேறும் பட்டதாரியின் பணிவாழ்வை ஆங்கிலத்தில் 'போர்ட்ஃபோலியோ கேரியர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பல்பணி', 'துணைத்தொழில்', 'பணிக்கோவை' ஆகிய மூன்றும் இந்த இழையில் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் சில நாட்களாக வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதன் காரணங்களையும் என் முன்மொழிவையும் இங்கே வைக்கிறேன்.

முதலில் கருத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தப் பொருளில் 'போர்ட்ஃபோலியோ' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த மேலாண்மைச் சிந்தனையாளர் சார்லஸ் ஹேண்டி. 1989இல் அவர் எழுதியபோது சம்பளத்துக்குச் செய்வது, கட்டணத்துக்குச் செய்வது, வீட்டுக்காகச் செய்வது, பிறருக்குக் கொடையாகச் செய்வது, கற்பதற்காகச் செய்வது என்று வேலையை ஐந்தாகப் பிரித்து, இவை அனைத்தும் சேர்ந்ததே ஒருவரின் தொகுப்பு என்றார். ஐந்தாவதைக் கவனியுங்கள். கற்றலும் வேலைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. 'பல வேலை பார்ப்பவர்' என்று மட்டும் பொருள்தரும் சொல்லில் அது விடுபட்டுப்போகும்.

'பல்பணி' ஏற்கெனவே கணினித் துறையில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ஒரே நேரத்தில் பல செயல்களை ஓட்டுவதற்கு அது இருக்கட்டும். 'துணைத்தொழில்' பற்றித்தான் நான் சற்று விரிவாகப் பேச வேண்டும். இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 'முதன்மை நிலை', 'துணை நிலை' என்ற பாகுபாடு உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் எந்த நிலையில் இருந்தாரோ அது முதன்மை. அதோடு 30 நாட்களுக்குக் குறையாமல் செய்த வேறு வேலை துணை. விதைப்பு முடிந்ததும் தறிக்குப் போகும் உழவரின் ஆண்டை அளக்க இது பொருத்தமான கருவி. மூன்று வேலைகளை ஒரே நாளில் செய்கிற பட்டதாரியிடம் எது முதன்மை என்று கேட்டால், நேரத்தை வைத்துச் சொல்வதா, வருமானத்தை வைத்துச் சொல்வதா, படித்த படிப்பை வைத்துச் சொல்வதா என்று அவர் திகைப்பார்; மூன்றுக்கும் மூன்று விடைகள் கிடைக்கும். 'பகுதிநேர வேலை' என்ற வழக்கிலும் இதே சிக்கல் உண்டு. மூன்று பகுதிநேரங்களைக் கூட்டினால் ஒரு முழுநேரத்தைத் தாண்டிவிடுகிறது.

என்னிடம் முதுகலைக் கணிதம் படித்த மாணவி ஒருவரைச் சொல்கிறேன். காலையில் ஒரு கல்லூரியில் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் விரிவுரையாளர். மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். இரவில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அவற்றின் எழுத்துவடிவத்தைத் திருத்தும் வேலை. மூன்றுக்கும் ஒரே நோட்டு வைத்திருக்கிறார், மூன்று நிற மையில் எழுதுகிறார். ஒரு பக்கத்தில் பச்சை மையில் 'கழித்தல் குறியை மூன்றோடு சேர்த்து வர்க்கப்படுத்துகிறார்கள்' என்ற டியூஷன் குறிப்பு. அதிலிருந்து ஓர் அம்புக்குறி நீல மையில் எழுதிய கல்லூரிக் குறிப்புக்குப் போகிறது, கல்லூரி முதலாண்டில் தொகையீடு (இன்டக்ரேஷன்) தவறுவதும் அதே இடத்தில்தான் என்று. இரவு வேலையில், கேட்காத சொல்லை ஊகித்து எழுதக் கூடாது, ஐயம் என்று குறியிட வேண்டும் என்பது விதி. அதை அவர் வகுப்புக்குக் கொண்டுவந்து, நிறுவலில் எந்த வரியில் நம்பிக்கை குறைகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறார். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு இந்த உத்தி தோன்றியதில்லை. ஆறு ஆண்டுகள் இப்படி உழைத்த பிறகு, வேறொரு கல்லூரியின் விண்ணப்பத்தில் 'முழுநேர அனுபவம்' என்ற கட்டத்தில் அவர் சுழியம் என்று நிரப்ப வேண்டியிருந்தது. பெயர் இல்லாத அனுபவத்துக்குப் படிவத்தில் கட்டமும் இல்லை. நான் இந்தச் சொல்லைத் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

'பணிக்கோவை' அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இலங்கையில் 'தண்டனைச் சட்டக்கோவை', 'தாபன விதிக்கோவை' என்று கோவை என்பது விதித்தொகுப்பைக் குறித்து அரச வழக்கில் நிலைத்திருக்கிறது. அங்குள்ள வாசகர் பணிக்கோவையை நடத்தை விதிகள் என்றே படிப்பார். 'பணித்தொகை' என்றால் பணம் குறுக்கே வருகிறது. தவிர, கோப்பது ஊசியால் செய்வது. நூல் அறுந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது 'கதம்பப்பணி'. மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வேறுவேறானவற்றை ஒரே வாழைநாரில் கட்டுவது கதம்பம். அங்கே எது முதன்மைப் பூ, எது துணைப் பூ என்று யாரும் கேட்பதில்லை. பூக்காரம்மா கை வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனி முடிச்சு விழுவதால், ஒரு பூ உதிர்ந்தாலும் மற்றவை நாரில் நிற்கும். ஒரு வேலை போனாலும் மற்றவை நிற்பது போல. வேலைகளுக்கிடையே ஓடும் கற்றல்தான் அந்த நார். 'கதம்பப்பணியர்', 'கதம்பப் பணிவாழ்வு', 'கதம்பப்பணிவழிக் கற்றல்' என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். கதம்பம் வடசொல் அல்லவா என்பது ஒன்று. தெருவில் முழம்போட்டு விற்கும் பெண்ணின் வாயில் இத்தனை காலம் புழங்கிய சொல்லை நான் அயலாகக் கருதவில்லை. 'கதம்பமாக இருக்கிறது' என்றால் ஒழுங்கில்லாத கலவை என்ற குறைப்பொருளும் உண்டே என்பது மற்றொன்று. இது வலுவான மறுப்பு. 'கதம்பம்' என்று தனியே நிற்கும்போது அந்த நிழல் விழத்தான் செய்கிறது. 'பணி'யோடு தொகையாகும்போது பெரிதும் விலகுகிறது என்பது என் கணிப்பு. நண்பர்கள் தங்கள் வாக்கியங்களில் இட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லைகளையும் வரையறுத்துவிடலாம். கற்றலோ விருப்பமோ கருதாமல், ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை இருக்கிறது என்ற வெறும் புள்ளியியல் நிலைக்குப் 'பல்வேலை' போதும். முதலாளிக்குத் தெரியாமல் செய்வதற்கு 'மறைபணி'. ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த நாளிலேயே இன்னொன்றிலும் வேலை செய்வதை இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 60ஆம் பிரிவில் கட்டுப்படுத்தியது. அதற்கு 'இரட்டை வேலை' என்பதே இருக்கட்டும். இந்த மூன்றையும் கதம்பப்பணியோடு குழப்பினால், வயிற்றுப்பாட்டுக்காக மூன்று இடம் ஓடுபவரின் களைப்பை நாம் அழகான பெயரால் மூடியவர்கள் ஆவோம். என் மாணவியே களைத்துத்தான் இருக்கிறார்.

அகராதிப் பதிவுக்கு நான் எழுதியுள்ள வரையறை: 'கதம்பப்பணி – ஒருவர் ஒரே காலத்தில் மேற்கொள்ளும், தம்முள் உயர்வு தாழ்வு வகுக்கப்படாத, ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் பயன்படும் பல வேலைகளின் தொகுதி.' 'ஒரே காலத்தில்' என்பதற்கு ஓர் ஆண்டு என்று வரம்பு வைக்கலாமா என்பதில் ஈழத்து நண்பர்களின் கருத்தையும், பணியாளர் துறையில் இருப்பவர்களின் கருத்தையும் வேண்டுகிறேன்.