கோரோ மகாவா: ஃபிஜி மலைமேல் பழைய ஊருக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

சுவாவில் இருந்து

சுவாவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. விடுமுறை என்றால் கடற்கரை, இல்லாவிட்டால் நாந்தி முருகன் கோயில் என்றே ஓடிக்கொண்டிருந்தது. (வரைபடத்தில் நாடி என்று படிப்பீர்கள். இங்கே எழுத்து ஒன்று, உச்சரிப்பு இன்னொன்று.) போன ஆகஸ்டில்தான் முதல்முறையாக ஒரு கோரோ மகாவாவுக்குப் போனேன். கோரோ என்றால் ஊர், மகாவா என்றால் பழையது. குடியிருப்பு இல்லாமல் காடாகிப்போன மூதாதையர் ஊர்களை அப்படிச் சொல்கிறார்கள்.

அலுவலக நண்பர் ஒருவரின் அம்மா ஊர் சிங்கத்தோக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. டவுனில் இருந்து மண்ரோட்டில் இரண்டு மணி நேரம். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. நண்பர் அந்த ஊருக்கு வாசு, அதாவது அந்த ஊர்ப் பெண்ணின் பிள்ளை. தாய்மாமன் வீட்டில் உரிமையோடு கேட்டு வாங்கிச் சாப்பிடும் மருமகனை நமக்குத் தெரியும். இங்கே அந்த உரிமை இன்னும் பெரிது. பழைய காலத்தில் பெரிய தலைவரின் வாசு மாமன் ஊரில் எதைக் கேட்டாலும் மறுக்க முடியாதாம். அந்த உறவு இல்லாவிட்டால் எனக்கு வழி திறந்திருக்காது.

நேராக மலை ஏறிவிட முடியாது. முதலில் கீழே இருக்கும் ஊரில் செவுசெவு, அதாவது அனுமதி கேட்கும் காணிக்கை, கொடுக்க வேண்டும். சந்தையில் அரைக் கிலோ கவா வேர் (இடித்துக் கரைத்துக் குடிப்பது) வாங்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டோம். ஊர் எல்லையிலேயே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழன்றன, தோளில் கிடந்த பை கைக்கு வந்தது. இடுப்பில் சுலு கட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்தோம். வேரை முன்னால் வைத்து, வந்த காரியத்தை நண்பர்தான் சொன்னார். பெரியவர் கைகளைக் குவித்து 'டொப்' என்று தட்டி ஏற்றுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மேலே எதற்கு?"

"பார்க்க" என்றேன்.

"யாரை?"

நண்பர் மொழிபெயர்ப்பில் தவறிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, அவர் கேட்டதே அதுதான். எனக்குப் பதில் வரவில்லை. பெரியவர் சிரித்துவிட்டு, தன் தம்பியைக் கூடப் போகச் சொன்னார். அந்த மாமாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். காலில் செருப்பில்லை, கையில் கரும்பு வெட்டும் கத்தி.

ஒன்றரை மணி நேர ஏற்றம். பாதி தூரம் வெறும் புல்மேடும் ஆளுயர நாணலும். முகட்டை நெருங்கும்போது திடீரென்று மரக்கூட்டம். சீமைப்பலா, தாவா என்கிற பழமரம், இவி என்கிற கொட்டைமரம். நடுவில் நடுவில், நம் ஊரில் வாசலில் அழகுக்கு வைக்கும் சிவப்பு இலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. "இது காடு இல்லை, நட்டது" என்றார் மாமா. சிவப்பு இலை நிற்கும் இடத்தில் பெரும்பாலும் கல்லறை இருக்குமாம். அதற்கு மேல் முகட்டைக் குறுக்கே வெட்டியது போல ஓர் அகழி. தூர்ந்துபோயும் இன்னும் இடுப்பளவு ஆழம். அதைத் தாண்டும் முன் மாமா நின்று கண்ணை மூடி, இயேசுவின் பெயரால் ஒரு ஜெபம் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, எதிரே இருக்கும் யாரோ நாலு பேரிடம் பேசுவதுபோல ஏதோ சொல்லி, மடியில் இருந்து ஒரு துண்டு கவா வேரை எடுத்து ஓரமாக வைத்தார். ஜெபம் நண்பருக்குப் புரிந்தது. இரண்டாவது பேச்சு அந்த மலைப் பக்கத்து வழக்கு, அவருக்கே பாதிதான் பிடிபட்டது. "வாசு வந்திருக்கிறான், கூட ஒரு விருந்தாளி" என்பது மட்டும் தெரிந்ததாம்.

உள்ளே இடிந்த சுவரோ தூணோ எதுவும் கிடையாது. மரமும் ஓலையும் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. மிஞ்சியிருப்பவை யாவு. வீடு நின்ற மண்மேடு, சுற்றி வரிசையாகக் கல். முழங்கால் உயரம், சில இடுப்பு உயரம். மேடு உயர உயர ஆளின் தகுதியும் உயர்வு. இருபத்தொன்று எண்ணினேன். நான் எண்ணிக்கொண்டிருக்க, மாமா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கடந்தார். ஆளின் பெயர் அல்ல, வீட்டின் பெயர். கீழே ஊரில் தகரக் கூரை போட்ட சிமெண்ட் வீடுகளுக்கும் இதே பெயர்கள்தான். "காலையில் நீ டீ குடித்தாயே, அந்த வீடு இது" என்று ஒரு மேட்டைக் காட்டினார். எனக்கு ஒரு கணம் தலை சுற்றியது.

எல்லாவற்றையும்விட உயரமான மேடு ம்புரே கலௌ, தெய்வ வீடு. செங்குத்தான கூரையோடு அது இருந்த காலத்தில், கூரையில் இருந்து வெள்ளை மாசித் துணி ஒன்று தரைவரை தொங்கும். மாசி என்பது மரப்பட்டையை அடித்துச் செய்வது. தெய்வம் அந்தத் துணி வழியாக இறங்கி ம்பேத்தே என்கிற பூசாரி மேல் வரும். அவர் உடம்பு நடுங்கும், குரல் மாறும், சண்டைக்குப் போகலாமா என்று கேட்டவர்களுக்குப் பதில் வரும். இதை இங்கே படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கலௌ வூ என்பது குலத்தின் முன்னோரே தெய்வமானது. நம் குலதெய்வம் என்று வைத்துக்கொண்டேன்.

ஏன் விட்டுப்போனார்கள்? மாமா மூன்று சொல் சொன்னார்: நோய், துப்பாக்கி, தேவாலயம். தக்கொம்பாவ் என்ற பெருந்தலைவர் 1854இல் கிறிஸ்தவரான பிறகு கடலோரம் வேகமாக மாறியது. மலைநாடு மாறவில்லை. 1874இல் தீவுகள் பிரிட்டன் கைக்குப் போயின. அடுத்த வருடமே சிட்னி போய்வந்த கப்பலில் தட்டம்மை வந்தது. சுமார் 40,000 பேர் செத்தார்கள், மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேல். புது அரசும் புது மதமும்தான் நோயைக் கொண்டுவந்தன என்று மலை மக்கள் பலர் நினைத்தார்கள். 1876இல் சண்டை மூண்டு, கோட்டை ஊர்கள் அடக்கப்பட்டு, மக்கள் கீழே இறங்கினார்கள்.

ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. யோசிக்காமல் ஒரு யாவுவின் ஓரக்கல்லில் காலை வைத்துக் கட்ட ஆரம்பித்தேன். மாமா என்னைத் திட்டவில்லை. மேட்டைப் பார்த்து "துலோ, துலோ" என்றார். உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் குனிந்து கடக்கும்போது சொல்லும் வார்த்தை அது. என் சார்பில் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். காலை எடுத்தபின் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்னொரு இடத்தில் பானை ஓடு ஒன்று, சீப்பால் இழுத்தது போன்ற கோடுகளோடு. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மாமா கையை நீட்டினார். வாங்கி, கோடு இருக்கும் பக்கம் கீழே இருந்ததை அவர் கவனித்திருக்கிறார், அதே மாதிரி கவிழ்த்து அதே பள்ளத்தில் வைத்தார்.

உங்களில் யாராவது போயிருந்தால் எழுதுங்கள். பேய்க்கதை வேண்டாம், அது எங்கும் கிடைக்கும்.

நாந்தியில் இருந்து

நல்ல பகிர்வு. ஆனால் குலதெய்வம் என்று வைத்துக்கொண்டதில் எனக்குச் சம்மதமில்லை. நமக்குக் குலதெய்வத்துக்கு வருஷா வருஷம் பொங்கல் உண்டு, கிடா உண்டு. இவர்கள் நாலைந்து தலைமுறையாக மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். பழைய தெய்வங்களுக்குப் பாதிரிமார் வைத்த பெயர் தெவோரோ, பிசாசைக் குறிக்கும் 'டெவில்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது. அந்தச் சொல்லைத்தான் ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். வணங்குவதில்லை, ஆனால் மரியாதைக் குறைவாக நடக்கவும் மாட்டார்கள். அது வேறு வகை உறவு. அந்த மாமா ஜெபத்தை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு சொன்னாரே, அந்த வரிசையில் எல்லாம் இருக்கிறது.

இதற்கு நம்புத்தௌத்தௌ ஊரைச் சொல்ல வேண்டும். 1867இல் தாமஸ் பேக்கர் என்ற பாதிரியாரையும் கூடப் போனவர்களையும் கொன்று தின்ற ஊர். அவருடைய காலணியின் அடிப்பாகம் சுவா மியூசியத்தில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஊர் உருப்படவில்லை, சாபம் விடவில்லை என்று அவர்களே நம்பினார்கள். 2003இல் பேக்கரின் வம்சத்தாரை ஆஸ்திரேலியாவில் இருந்து வரவழைத்து, தம்புவா என்கிற திமிங்கிலப் பல் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு கேட்டது கிறிஸ்தவப் பாதிரியாருக்காக, கேட்ட முறை மூதாதையர் முறை. இதைக் குலதெய்வம் என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது.

என் அனுபவம் சின்னது, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. சிங்கத்தோக்கா பக்கத்தில் தவுனி மலைக்கோட்டை இருக்கிறது. டிக்கெட் வாங்கி யாரும் போகலாம். டோங்காவில் இருந்து வந்த தலைவர் வழியினர் கட்டியது, அதுவும் 1876இல் அழிந்ததுதான். அங்கே ஒரு கல்லைக் காட்டி, இதில்தான் பிடிபட்டவர்களின் தலையை மோதிக் கொன்றார்கள் என்பார்கள். வருகிறவர்கள் அதில் கழுத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். வழிகாட்டிப் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டு, "எங்கள் குடும்பத்தில் யாரும் இதைத் தொட மாட்டோம்" என்றான், கோபமே இல்லாமல். அந்தப் படத்தை அன்று ராத்திரியே அழித்துவிட்டேன்.

சவுசவுவில் இருந்து

பழைய ஊர் என்றால் நூறு வருடப் பழசாக இருக்க வேண்டியதில்லை. வனுவா லெவு தீவில் வுனிந்தோங்கோலோவா ஊரை 2014இல் கடல் ஏறி வந்ததால் காலி செய்து, இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் குடியேறினார்கள். புது இடத்தைக் கெனானி என்கிறார்கள், பைபிளில் வரும் கானான். விட்டுவந்த இடத்தைக் கடலோரமாக நின்று பார்த்தேன். தென்னை, காலித் தரை, தண்ணீர். கூட வந்த அம்மா ஒருவர் அங்கேயே மீன் பிடித்துவிட்டுத்தான் கிளம்பினார். புது ஊரில் வீடு நன்றாக இருக்கிறது, கடல் சத்தம்தான் இல்லை, தூக்கம் வர நாளானது என்றார். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

சுவாவில் இருந்து

நாந்தி நண்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். குலதெய்வம் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

ஆக்லாந்தில் இருந்து

நான் பிறந்தது லம்பாசா. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஃபிஜி இந்திதான், தமிழ் எழுத நாற்பது வயதில் கற்றேன். அப்பாவின் தாத்தா மதராஸில் கப்பல் ஏறி கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், வந்தவர். ஒப்பந்தம் முடிந்தபின் அவரும் மற்றவர்கள் மாதிரி மத்தங்காலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டார். மத்தங்காலி என்றால் நிலத்துக்குச் சொந்தமான குலம்.

எங்கள் கரும்புக்கு நடுவில் ஒரு மேடு இருந்தது. வேன் ஒன்று நிற்கும் அகலம், மேலே ஓர் இவி மரம். தாத்தாவின் காலத்தில் இருந்தே அதில் ஏர் ஏறியதில்லை. எருது பூட்டி உழும்போது அப்பா அதைச் சுற்றி வளைத்துப் போவார், வளைந்த சால் அப்படியே தெரியும். வருடத்தில் முதல் கரும்பு வெட்டும் முன் ஒரு கட்டு நங்கோனா வேரை அங்கே வைப்பார். (கவாவை நாங்கள் நங்கோனா என்போம்.) யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "இருக்கிறவங்க இடம்டா, நம்ம குத்தகைக்காரங்க" என்றார். அது யாவு என்பதே எனக்கு இன்று இதைப் படித்துத்தான் தெரிகிறது. நிலத்துக்காரர்கள் எப்போதாவது வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அப்பா டீ கொடுத்து அனுப்புவார். பேச்சு அதிகம் இருக்காது.

1976 நிலச் சட்டப்படி நீட்டிக்கப்பட்ட குத்தகைகள் 1997இல் இருந்து ஒவ்வொன்றாக முடிய ஆரம்பித்தன. எங்களுடையது புதுப்பிக்கப்படவில்லை. மரச் சட்டங்களையும் தகரத்தையும் கழற்றி லாரியில் ஏற்றினோம். சிமெண்ட் தளத்தை எடுக்க முடியாது, விட்டுவிட்டோம்.

நான்கு வருடம் முன்பு போய்ப் பார்த்தேன். நிலத்துக்காரர் வீட்டில் முதலில் செவுசெவு கொடுத்தேன், அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். அவர் பேரன் கூட வந்தான். கரும்பு இல்லை, எல்லாம் புல்லும் முள்ளும். மேடு அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுத் தளமும் இருந்தது, அம்மா வைத்த கறிவேப்பிலை மரமாகி நிற்கிறது. தளத்தின் விளிம்பில் ஏறப் போனேன். பையன் எனக்கு முன்னால் நின்று, தளத்தைப் பார்த்துக் குனிந்து, "துலோ" என்றான்.