மழைக்குப் பிறகு சொதசொதவென்று கிடக்கும் கோல்ஃப் கிரீன்: இடித்துக் கட்டத்தான் வேண்டுமா?

மலைச்சாரல்:
நுவரெலியாப் பக்கம் உள்ள கோல்ஃப் கோர்ஸ். ஒரு கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் தரை) மேலே தேயிலை மலை, மூன்று பக்கமும் சைப்ரஸ். பழைய மண் கிரீன், அடியில் குழாய் கிடையாது. மணல் தூவிக்கொண்டே இருக்கிறோம்; ஆனாலும் தண்ணீர் வடிவதில்லை, கிழக்கு ஓரம் முழுக்கப் பாசி. இடித்துவிட்டு யூஎஸ்ஜீஏ (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) முறையில் கட்டச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

கான்வெட்டி:
முதலில் அது யாருடைய தண்ணீர் என்று பாருங்கள். மழை விட்டு அடுத்த நாளும் மேல்கரை ஊறினால் அது மலைத் தண்ணீர். கிரீனுக்கு எத்தனை லோடு மணல் போட்டாலும் நிற்காது. மேல்புறம் 2 மீட்டர் தள்ளி, சரிவுக்குக் குறுக்கே 60 செ.மீ. ஆழத்தில் கான் (வடிகால்) வெட்டி, 1 சதவீத வாட்டத்தில் 100 மி.மீ. துளைக்குழாய் போடுங்கள். சல்லிக்கல்லைத் தரைமட்டம்வரை நிரப்புங்கள். மேலே மண் போட்டு மூடினால் மலையிலிருந்து வரும் வெள்ளம் கானைத் தாண்டி கிரீனுக்கே போகும். குழாய்க்கு முன்னால் வண்டல் குழி ஒன்று அவசியம், தேயிலைத் தோட்டங்களில் வெட்டுவதைப் போலவே.

பிறகு ஹோல் கட்டரால் (கிரீனில் குழி வெட்டும் கருவி) மண்ணில் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். மணல், களி, மணல் என்று அடுக்கடுக்காக இருந்து, நடுவில் கறுப்புப் பட்டையும் கூமுட்டை நாற்றமும் இருந்தால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். 12 மி.மீ. ஹோலோ டைனால் (மண்ணைக் குத்தி எடுக்கும் உள்ளீடற்ற கம்பி) 5 செ.மீ. இடைவெளியில் அந்தப் பட்டைக்குக் கீழே போகும்வரை குத்தி, வரும் கட்டிகளை அள்ளிவிட்டு, துளைகளை மணலால் நிரப்புங்கள்.

பச்சைத்தரை:
பாசிக்கு அயர்ன் சல்பேட் அடித்தால் கறுத்துப் போகும், நிழல் இருந்தால் திரும்ப வரும். பிற்பகலில் மூடுபனி இறங்கும் ஊரில் காலை வெயில்தான் வெயில். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் கிழக்கோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். அனுமதி எடுத்து நாலைந்து மரத்தை வெட்டலாம். மீதிக்குக் கீழ்க்கிளைக் கவ்வாத்து. வேரை மட்டும் ஒரே பக்கமாக வெட்டாதீர்கள், பருவக்காற்றில் சைப்ரஸ் சாயும். புல்லை 4 மி.மீ.யில் வெட்டினால் 5க்கு உயர்த்துங்கள். நிழலில் நிற்கும் புல்லுக்கு இலை வேண்டும்.

பள்ளத்துப் பக்கம் மரம் அடர்ந்திருந்தால் குளிர்காற்றும் தேங்கி உறைபனி பிடிக்கும். அங்கேயும் ஒரு வழி விடுங்கள்.

மலைச்சாரல்:
நன்றி. கடைசியில் இடிக்கத்தான் நேர்ந்தால் எதில் கவனம்?

கான்வெட்டி:
30 செ.மீ. மணற்கலவை, அடியில் 10 செ.மீ. சல்லி, 5 மீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் குழாய். அந்த 30 எல்லா இடத்திலும் 30 ஆக இருக்க வேண்டும். அடிமணல் தண்ணீரால் நிறைந்தால்தான் சல்லிக்குள் தண்ணீர் இறங்கும் என்பதால் 20 உள்ள இடம் ஈரமாகவே கிடக்கும், 40 உள்ள இடம் காயும். கல்தூள் சிமெந்துபோல இறுகிவிடும், வேண்டாம். கடல்மணலில் உப்பும் சிப்பியும், அதுவும் வேண்டாம். ஆற்றுமணலைச் சலித்து, பெரும்பங்கு கால் மி.மீ.க்கும் 1 மி.மீ.க்கும் இடையில் இருக்கும்படி எடுங்கள். குழாய் எங்கே போய் விழும் என்பதை முடிவுசெய்த பிறகே மண்ணைக் கிண்டுங்கள்.